அவர் கொடுக்காத இரத்தம்

ஜொகூருக்குப் போன் செய்தால் எடுப்பவர் என் அக்காவின் வீட்டுக்காரர்தான். எடுத்தவுடன், "இரு, அக்காகிட்ட குடுக்கறேன்" என்பார். "நீங்க எப்படி இருக்கீங்க மாமா?" என்று கேட்டால்கூட, "அவ சொல்லுவா" என்றுதான் பதில் வரும். தன் உடம்பு நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதைக்கூட இன்னொரு ஆள் வழியாகச் சொல்லியனுப்பும் மனிதர் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். போனை வைக்கும்போது எனக்கு எரிச்சல் வரும். பிறகு பினாங்கில் அவர் இருந்த காலம் நினைவுக்கு வரும். எரிச்சல் இன்னும் கொஞ்சம் ஏறும்.

தங்கள் மகளின் வேலைக்காக அவர்கள் ஜொகூருக்குக் குடிபோவதற்கு முன்னால், ஜார்ஜ் டவுனில் ஜெலுத்தோங் பக்கம் மாமாவுக்குக் கூடாரம் வாடகைக்கு விடும் தொழில் இருந்தது. கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் அவருடைய லோரிதான் போகும். நீலக் கூடாரம், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, ஆளுயர மின்சாரக் காற்றாடி. கூடாரம் போட்டவருக்கு விருந்தில் ஒரு இலை உண்டு என்பது எங்கள் ஆட்களிடையே எழுதாத சட்டம். அதனால் வருடத்தில் பாதி நாள் யார் வீட்டு ஆட்டுக்கறியாவது அவர் வயிற்றில் இருக்கும். மீதி நாள் நாசி கண்டார் கடையில் குழம்புச் சோறு. கடைக்காரர் குழம்புக் கரண்டியை எடுத்தால் விடமாட்டார். "இன்னும் ஊத்து லா, சோறு தெரியுது" என்பார். சோறு கண்ணுக்குத் தெரிந்தால் அது அவருக்குச் சாப்பாடே இல்லை.

அதற்கேற்ற உடம்பு. கூடாரக் கம்பிகளைத் தனி ஆளாகத் தோளில் தூக்கிப் போவார். ஆனால் எதையாவது நேருக்கு நேர் நின்று சந்திக்க வேண்டும் என்றால் மட்டும் ஆளைக் காணக் கிடைக்காது. மகளின் டீச்சர் கூப்பிட்டால் என் அக்கா போவாள். சாவு வீட்டுக்குக் கூடாரம் கொண்டுபோனால், வேலைக்காரர்கள் இறங்கிக் கட்டுவார்கள்; இவர் லோரியிலேயே உட்கார்ந்திருப்பார். மற்ற எல்லாவற்றுக்கும் சேகர்.

சேகர் அவருடைய ஒரே தம்பி. பாயான் பாருவில் வீடு, பக்கத்து ஃபெக்டரியில் டெக்னீஷியன் வேலை. என் வயதுதான். அண்ணனின் முகத்தை அப்படியே எடுத்து ஒல்லியான உடம்பின்மேல் வைத்தால் அது சேகர். வேலை முடிந்ததும் யூத் பார்க்கில் ஓடுவான், சனி ஞாயிறில் பேட்மிண்டன். எண்ணெய்ப் பலகாரம் நீட்டினால் ஒன்றே ஒன்று எடுப்பான். அதிலும் பாதியைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுவான்.

"சேகரு போவான்." மாமாவின் வாயிலிருந்து அதிகம் கேட்ட வார்த்தை இதுதான். நகராண்மைக் கழகத்தில் போய்ப் பேச வேண்டுமா, சேகரு போவான். சொந்தக்காரர்களுக்குள் சண்டை, சமாதானம் பேச வேண்டுமா, சேகரு போவான். சின்ன வயதில் ஒரு சீனரின் தோட்டத்தில் மாங்காய் திருடிய அண்ணனுக்காகத் தலைமையாசிரியரிடம் போய்ப் பிரம்படி வாங்கிய கதையைச் சேகரே சிரித்துச் சிரித்துச் சொல்வான். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

செபராங் ஜெயாவில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த நாளும் அப்படித்தான். என் அப்பா, "என்ன தொழில் பண்றீங்க?" என்று மாப்பிள்ளையைக் கேட்டார். மாப்பிள்ளை, "தம்பி சொல்லுவான்" என்றார். என்ன படித்திருக்கிறீர்கள், எங்கே வீடு, எல்லாவற்றுக்கும் தம்பிதான் சொன்னான். என் அம்மா குழம்பிப்போய் முதல் காப்பியைச் சேகரிடம் நீட்டிவிட்டார். அவன் பதறி எழுந்து அண்ணனைக் காட்டினான். "தாலி கட்டவாவது அவரே வந்தாரே, அதுவே பெருசு" என்று அக்கா இன்றைக்கும் சொல்வாள்.

இதையெல்லாம்கூட ஒரு வேடிக்கை என்று விட்டுவிடலாம். மகள் குழந்தையாக இருந்தபோது கடுமையான காய்ச்சல் வந்து, மாமா தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டார். குழந்தை தேறியது. தைப்பூசமும் வந்தது. காவடியோடு படியேறியவன் சேகர். நேர்ந்துகொண்டவர் பக்கத்திலேயே தண்ணீர்ப் போத்தலும் கையுமாக நடந்து வந்தார்.

"வேண்டிக்கிட்டது நீங்க, எடுக்கறது அவனா மாமா?" என்று நான் கேட்டேன்.

"ரெண்டு பேரும் ஒரே ரத்தம்தானே. முருகனுக்கு அது தெரியாதா?" என்றார்.

கடவுளிடமே ஆள் மாற்றிக் கணக்கு முடித்தவரை நான் என்ன சொல்லித் திருத்த முடியும். தலையில் அடித்துக்கொண்டு மலை ஏறினேன்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று அக்கா ஒருமுறை சொன்னாள். அவர்களுடைய அப்பா, நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தபோதே ஸ்டோரில் விழுந்து இறந்தவர். சாகிற வயதே இல்லை. முதலில் போய்ப் பார்த்தது மாமா. அதற்கு முன்பே பெரியப்பா ஒருவரும் அதே மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார். மயானத்தில் மூத்த மகனாகக் கொள்ளி வைக்க வேண்டியவர் லோரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். யார் கூப்பிட்டும் வரவில்லை. கடைசியில் மீசைகூட முளைக்காத சேகர்தான் கொள்ளி வைத்தான். அதைக் கேட்டபோது எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. அந்த இரக்கம் அடுத்த தடவை அவர் வாயைத் திறக்கும்வரை நீடித்தது.

டத்தோ கிராமாட் பக்கம் ஒரு கிளினிக்கில் இரத்தம் எடுப்பது என் வேலை. முட்டி வலி என்று மாமா ஒருநாள் அங்கே வந்தார். வந்தார் என்பதைவிட அக்கா தள்ளிக்கொண்டு வந்தாள் என்பதுதான் சரி. டாக்டரம்மா ஈப்போக்காரர், நல்ல தமிழ் பேசுவார். முட்டியைப் பார்த்துக்கொண்டே குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று விசாரித்தார். அப்பா, பெரியப்பா கதையை அக்காதான் சொன்னாள். டாக்டர் முட்டியை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"கொலஸ்ட்ரால் எப்படி இருக்கு?"

"எனக்கு அதெல்லாம் இல்ல டாக்டர்."

"எப்ப டெஸ்ட் பண்ணீங்க?"

"பண்ணதில்ல."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"ஒங்க குடும்பத்துக்குச் சும்மா கொலஸ்ட்ரால் மட்டும் பாத்தா பத்தாது" என்றார் டாக்டர். "காலையில பாலத்துல ஜேம் ஆவுதே, ஆளுங்க நெறைய போறதாலயா, காடிங்க நெறைய போறதாலயா?"

பாலத்துக் கார் நெரிசல் பற்றி மாமாவுக்கு நிறையக் கருத்து உண்டு. "காடிதான் டாக்டர். ஒரு காடிக்கு ஒரே ஆளு ஒக்காந்துக்கிட்டுப் போறான்."

"அதேதான். கொலஸ்ட்ரால்ங்கறது ஆளு. அது ரத்தத்துல தானா போவாது, காடில ஏறித்தான் போவும். அபோ பி டெஸ்ட் எண்ணுறது காடிய. எத்தன ஆளுன்னு பாக்கறதவிட எத்தன காடின்னு பாத்தாத்தான் ரத்தக் கொழா அடைக்குமான்னு நல்லாத் தெரியும். எல்பிஏன்னு இன்னொன்னு இருக்கு. அதுவும் ஒருவகைக் காடிதான், ஆனா போற வழியில ஒட்டிக்கிற காடி. அது அப்பா அம்மாகிட்டேருந்து பொறக்கும்போதே வர்றது. வாழ்க்கையில ஒரு தடவ பாத்தாப் போதும், பெருசா மாறாது."

"சாப்பாட்டக் கொறைச்சா?"

"எல்பிஏ அதுக்கு அசையாது."

சாப்பாட்டால் வராதது என்று டாக்டர் சொன்னதை அவர் காதில் வாங்கியிருந்தால் பின்னால் நடந்த எதுவுமே நடந்திருக்காது. அவர் காதில் விழுந்தது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அக்கா முணுமுணுத்தது மட்டும்தான். "ரிப்போர்ட் மட்டும் தப்பா வரட்டும், இனிமே வீட்டுல கறியே கெடையாது" என்றாள் அவள்.

சனிக்கிழமை காலை வந்து இரத்தம் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார். அந்தச் சனிக்கிழமை நான் லீவு. பாலிக் புலாவில் தோழி வீட்டுக் கல்யாணம். இது அவருக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அங்கே கூடாரம் அவருடையது. இருந்தும் போன் செய்து, "நீ சனிக்கெழம இருக்க மாட்டதானே?" என்று உறுதிப்படுத்திக்கொண்டார். நான் இல்லாதது அவருக்கு வருத்தம் போலிருக்கிறது என்று நினைத்தேன் பாருங்கள்.

பாலிக் புலாவில் நான் போய் இறங்கும்போது அவர் பந்தியில் இருந்தார். இலையில் ஆட்டுக்கறி மலை மாதிரி இருந்தது.

"கிளினிக் போகலையா மாமா?"

"போயாச்சு, குடுத்தாச்சு. வெறும் வயித்துல விடிகாலையிலேயே போயிட்டேன்" என்று இடது கையை நீட்டிக் காட்டினார். முழங்கையின் மடிப்பில் சின்னப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அவரைப் பாராட்டிவிட்டு நானே எழுந்துபோய் அவருக்கு இன்னும் கொஞ்சம் கறி வாங்கி வந்தேன்.

அந்தப் பிளாஸ்டரை அவரே கடையில் வாங்கி ஒட்டிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்த நேரம் எங்கள் கிளினிக்கில் அவருடைய அடையாள அட்டையோடு உட்கார்ந்து கையை நீட்டியிருந்தவன் சேகர். எனக்குப் பதிலாக வந்த புது நர்ஸ் ஒரு மலாய்ப் பெண், எங்கள் குடும்பத்தில் யாரையும் பார்த்ததில்லை. அட்டையில் இருந்தது மாமா ஒல்லியாக இருந்த காலத்துப் படம். நன்றாக இளைத்துவிட்டீர்கள் என்று சேகரிடம் சொல்லி வாழ்த்தவும் செய்திருக்கிறாள். திங்கட்கிழமை என்னிடம், உன் மாமாவுக்கு நரம்பு எவ்வளவு அழகு, ஒரே குத்தில் வந்துவிட்டது என்றாள். மாமாவின் கையில் நரம்பைத் தேட வேண்டும் என்றால் டார்ச் லைட் வேண்டும். புதுப் பெண், மரியாதைக்குச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

சேகர் ஏன் போனான் என்றால், அண்ணன் சொன்னார், போனான். அண்ணிக்குத் தெரியாமல் அண்ணனின் கறியைக் காப்பாற்றுகிற விளையாட்டு என்றுதான் அவன் எடுத்துக்கொண்டான். ஓடுகிற உடம்பு, சுத்தமான இரத்தம், தங்கமான ரிப்போர்ட் வரும் என்பது மாமாவின் கணக்கு.

ரிப்போர்ட் வந்தது. டாக்டர் மாமாவைக் கூப்பிட்டனுப்பினார். அக்காவும் நானும் கூட உட்கார்ந்திருந்தோம்.

"அபோ பி அதிகமா இருக்கு" என்றார் டாக்டர். "அத மாத்திரையில எறக்கலாம். எல்பிஏ இருக்கே, ரொம்ப ரொம்ப அதிகம். ஒங்க அப்பாவுக்கும் இதுதான் இருந்துருக்கணும். நெஞ்சுல வலி, பிடிப்பு எதுவும் வருதா?"

மாமாவின் முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. வாக்குவாதம் செய்வார், லேபில் தப்பு என்பார் என்று எதிர்பார்த்து நான் தயாராக இருந்தேன். அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஓடுனாக் கொறையுமா டாக்டர்?"

"ஓடுறது நல்லது. ஆனா எல்பிஏ அதால கொறையாது."

"ஒல்லியா இருந்தாக்கூடவா?"

"ஒல்லி, குண்டு அதுக்குத் தெரியாது."

இவர் எங்கே ஓடினார், எப்போது ஒல்லியாக இருந்தார் என்று நான் உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன். டாக்டர் மாத்திரை எழுதினார். ஹார்ட் ஸ்கேனுக்கும் எழுதினார். "கூடப் பொறந்தவங்க இருந்தா அவங்களும் கட்டாயம் டெஸ்ட் பண்ணணும்" என்றார். ஒரே ஒரு வாக்கியம் அவர் அங்கே சொல்லியிருக்கலாம். இது என் இரத்தம் இல்லை டாக்டர், என் தம்பியுடையது. மேசை விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். "சரி டாக்டர்" என்று எழுந்து வந்துவிட்டார்.

பிறகு நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அக்கா வீட்டில் கறி நின்றது, முட்டை நின்றது, தேங்காய்ப்பால் நின்றது. காலையில் ஓட்ஸ், மதியம் வேகவைத்த காய். மாமா கொடுத்ததைச் சாப்பிட்டார். கூடாரம் போடப் போன வீட்டில் இலை போட்டால்கூட எழுந்து வந்துவிடுகிறார் என்று செய்தி வந்தது. அக்கா எனக்குப் போன் செய்து அழுதாள். "பயமா இருக்குடி. சத்தம் போட்டாத் தேவல. ஓட்ஸக் குடுத்தா மருந்து மாதிரி முழுங்கிட்டு எழுந்து போயிடறாரு."

நானும் ஆள் திருந்திவிட்டார் என்று நம்பினேன். அவர் திருந்தவில்லை. தம்பியின் இரத்தத்துக்கு இவர் பத்தியம் இருந்துகொண்டிருந்தார். அவர் இன்னொருவருக்குப் பதிலாக எதையாவது செய்தது அதுதான் முதல் தடவை. அதையும் எதற்கும் உதவாத ஒன்றில் செய்தார்.

மாத்திரை விஷயம் இன்னும் மோசம். அக்கா தினமும் கையில் வைத்துக் கொடுத்த மாத்திரையை வாயில் போடுவதுபோல் காட்டி, உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு, டிஷ்யூவில் மடித்து, சேகர் வேலை முடிந்து வரும் நேரத்தில் ஃபெக்டரி வாசலில் போய் நிற்பார். "விட்டமின்டா. வெளிநாட்டுச் சரக்கு. என் கண்ணு முன்னாடியே முழுங்கு" என்பார். எந்த உடம்புக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளும் என்று பார்க்காமல் ஒரு மனிதன் தம்பியின் வாயில் மாத்திரை போடுகிறார். அதனால் அவனுக்கு எதுவும் ஆகாதது எங்கள் அதிர்ஷ்டம். பேட்மிண்டன் ஆடாதே, முட்டி தேயும் என்று வேறு மிரட்டியிருக்கிறார். அண்ணனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று சேகருக்கும் கவலை.

சேகருக்குச் சந்தேகம் வரவில்லையா என்றால், அதற்கும் மாமா ஒரு கதை வைத்திருந்தார். நீ கொடுத்த இரத்தம் லேபில் கெட்டுப்போய்விட்டது, திரும்பவும் கூப்பிட்டார்கள், வேறு வழியில்லாமல் நானே போய்க் கொடுத்தேன், மோசமாக வந்துவிட்டது என்று அவனிடம் சொல்லிவிட்டார். அந்த அப்பாவி அண்ணனுக்காகத் தண்ணீர்மலையில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தான்.

ஸ்கேனுக்கு மட்டும் மாமா போகவில்லை. லோரி ரிப்பேர், ஆள் வரவில்லை, மழை என்று தள்ளிக்கொண்டே போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, பூசணிக்காயும் பருப்பும். மாமா தம்பியை நச்சரிக்க ஆரம்பித்தார்.

"நீயும் ஒரு தடவ ரத்தம் குடுத்துருடா. டாக்டர் சொல்லியிருக்காங்க, கூடப் பொறந்தவங்க பாக்கணும்னு."

"எனக்கு என்னாண்ணே? நான் நல்லாத்தானே இருக்கேன்."

"சொல்றதக் கேளு லா. டாக்டர் என்ன சொல்றாங்களோ கேட்டுக்க."

அவர் சொல்வதில் நியாயம் இருப்பது அபூர்வம் என்பதால் நானும் சேர்ந்துகொண்டேன். "இது பரம்பரையா வர்றது சேகர். ஒரே அப்பாவுக்குப் பொறந்த ரெண்டு பேருல ஒருத்தருக்கு வந்து இன்னொருத்தருக்கு வராம இருக்கலாம். ஆனா பாத்துடறது நல்லது. நாளைக்கே வா, நானே எடுக்கறேன்."

சேகர் சிரித்தான். அண்ணன் கண்ணைக் காட்டுவதை அவன் கவனிக்கவில்லை.

"இன்னொரு தடவ குத்தப் போறியா? அன்னிக்கு அந்த மலாய்ப் பொண்ணு குத்துனதே போதும். அதுவும் ஒங்க லேபுல கெட்டுப்போச்சு, அண்ணன் மறுபடியும் வந்து குடுத்தாரு."

"எது கெட்டுப்போச்சு?" என்றேன் நான்.

"அண்ணனுக்குப் பதிலா நான் வந்து குடுத்தேன்ல, அந்த ரத்தம்." அவன் அக்காவைப் பார்த்து அசட்டுச் சிரிப்போடு கையெடுத்துக் கும்பிட்டான். "கோவிச்சுக்காதீங்க அண்ணி. கறிக்காகத்தான்."

எனக்குப் புரிய நேரமாகவில்லை. என் வேலை அது. "எங்க கிளினிக்ல எந்த ரத்தமும் கெட்டுப்போகல" என்றேன். "மாமா பேருல ஒரே ஒரு தடவதான் எடுத்தது. அந்தச் சனிக்கெழம மட்டும்தான்."

சேகர் என் முகத்தைப் பார்த்தான், பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்தான். அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் அண்ணனுக்கு என்று நினைத்துப் பரிதாபப்பட்டதெல்லாம் தனக்குத்தான் என்பது அவனுக்கு எந்த நொடியில் விளங்கியது என்பதை நான் பார்த்தேன். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

"அந்த விட்டமின்?" என்றான்.

அந்த மாத்திரைதான் என்று மாமா தலையை ஆட்டினார்.

அதற்கப்புறம் நான் பேசியதை எழுத முடியாது. அக்காவே என் கையைப் பிடித்து இழுத்தாள். இந்த ஸ்கேன் யாருக்கு எழுதியது தெரியுமா, இத்தனை வாரம் தள்ளிப்போட்டது யாருடைய உயிர் தெரியுமா என்று கத்தினேன். மாமா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கடைசியில் வாயைத் திறந்தார்.

"எப்படிச் சொல்றது? அப்பாவக் கொன்னது ஒனக்குள்ளயும் இருக்குடான்னு எப்படிச் சொல்றது? டாக்டர் சொல்லட்டும்னு இருந்தேன். இவன் மறுபடியும் ஒரு தடவ குடுத்துட்டா அவங்களே சொல்லிடுவாங்க."

சொல்வதற்கும் ஆள் தேடியிருக்கிறார். எனக்கு அதற்குமேல் கத்தத் தெம்பில்லை.

சேகர் கோபப்படவில்லை. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னான். "வெளையாடும்போது கொஞ்ச நாளா நெஞ்சு நடுவுல ஒரு பிடிப்பு வருது. ஒக்காந்தாப் போயிடும். காத்துன்னு நெனச்சு இஞ்சித் தண்ணி குடிச்சேன்."

மறுநாள் காலையிலேயே இரண்டு பேரையும் கிளினிக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா மாமாவைக் கிழித்தெடுத்த அழகைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இரண்டு பேருடைய இரத்தத்தையும் நானே எடுத்தேன். மாமாவின் கையில் நரம்பு கிடைக்க மூன்று இடத்தில் குத்த வேண்டியிருந்தது. அவர் முகத்தைத் திருப்பவில்லை, ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சேகரின் ரிப்போர்ட் அச்சு அசலாகப் பழையபடியே வந்தது. மாமாவின் ரிப்போர்ட்டைப் பார்த்தபோது எனக்கு அதைக் கசக்கி எறிய வேண்டும் போல் இருந்தது. எல்பிஏ இருக்கிற இடமே தெரியவில்லை. அபோ பி மட்டும் கொஞ்சம் தூக்கல், அதுவும் சாப்பாட்டை ஒழுங்கு செய்தால் இறங்கிவிடும் என்றார் டாக்டர். ஓடியவனுக்கு அது. ஊர்ப் பந்தியில் எல்லாம் உட்கார்ந்தவருக்கு இது. மாமா இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரே ரத்தம்னு நெனச்சேன்" என்றார். "இது எனக்கு வந்துருக்கணும். தின்னது நானு."

"மாத்திக்க முடியாது மாமா" என்றேன். அவர்மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

ஸ்கேனில் சேகரின் இதயத்துக்குப் போகும் குழாய்களில் அடைப்பு தெரிந்தது. ஒன்றில் நிறைய. குழாய் விட்டுப் பார்த்து அங்கேயே விரித்துவிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார்கள். குறித்த நாள் காலையில் ஆஸ்பத்திரி நடைபாதையில் நாங்கள் காத்திருந்தோம். சேகருக்குப் பச்சை அங்கி போட்டுச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். கையில் பெயர் எழுதிய பட்டை. ஒரு பக்கம் அவன் மனைவி, ஒரு பக்கம் என் அக்கா. மாமா காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. வெறும் வயிற்றில் வர வேண்டியது அவர் இல்லை என்று சொல்லியும் கேட்கவில்லை.

கதவைத் திறந்துகொண்டு ஒரு நர்ஸ் வந்தார். "எஞ்சிக் சேகரன்?" என்று மலாயில் மரியாதையாகப் பெயரைக் கூப்பிட்டார்.

மாமா எழுந்து நின்றார்.

செருப்பைக்கூடக் கழற்றிவிட்டார். அந்தப் பெரிய உடம்போடு, வெறுங்காலில், கதவைப் பார்த்து இரண்டடி நடந்தும் விட்டார். நர்ஸ் அவர் கையில் பட்டை இருக்கிறதா என்று பார்த்தார். அவரைப் பிடித்து உட்கார வைக்கக் கோபத்தோடு எழுந்தேன். கோபம் மட்டும்தானா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை.

பின்னாலிருந்து சேகரின் குரல் வந்தது.

"ஒக்காருங்கண்ணே. சேகரு போவான்."

நர்ஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார். கதவு மூடியது. அவனைத் திரும்பக் கொண்டுவரும்வரை மாமா உட்காரவே இல்லை. நானும் அவரை உட்காரச் சொல்லவில்லை.